சொல்லாமல் நின்ற டிஸ்க்

மின்வெட்டுக் காலம் ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்முனை பஸாருக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் எனக்குக் கணினி திருத்தும் கடை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை நிந்தவூரிலிருந்து ஆசிரியை ஒருவர் பழைய லெப்டொப்போடு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மிகவும் தாழ்ந்த குரலில் கதைத்தார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, இத ஓண் பண்ணிப்போட்டு நான் போய் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிப்போட்டு வந்தாலும் சுத்திக்கிட்டுத்தான் இரிக்கி. தூக்கிப் போடுறதா, திருத்த ஏலுமா?"

திறந்து பார்த்தேன். லெப்டொப்பில் பிழை ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு வட்டத் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், ஒரு சிறிய கை அதன்மேல் ஓடி ஓடித் தகவலைத் தேடி எடுக்கும். அந்த ஓட்டத்துக்கு நேரம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க் அப்படியல்ல. அதில் சுழலுவதும் ஓடுவதும் கிடையாது, எல்லாம் சிப்தான். கேட்டவுடன் கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் என் கடைக்கு யார் வந்தாலும் நான் சொல்லும் மருந்து அது ஒன்றுதான். டீச்சருக்கும் அதையே சொன்னேன்.

"எஸ்.எஸ்.டி. போட்டா புது மெஷின் மாதிரி ஆகிரும் டீச்சர். விழுந்தாலும் ஒண்டும் ஆகாது. தேயிறதுக்கு உள்ளுக்கு ஒண்டுமே இல்ல."

"இதுக்குள்ள இரிக்கிற சாமான் எல்லாம்?"

"ஒண்டும் விடாம கொப்பி பண்ணித் தருவன்."

மாலையில் வந்து பார்த்தவர், பொத்தானை அழுத்திய கையை எடுப்பதற்குள் திரை வந்ததைக் கண்டு சிரித்தார். ஒரு கோப்பைத் திறந்து மூடினார், இன்னொன்றைத் திறந்தார். பிறகு மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கைக் காட்டி, "அத என்ட கையில தாங்களன் தம்பி, ஒரு பக்கத்துல வெச்சிக்கிறன்" என்றார்.

"அது எதுக்கு டீச்சர்? எட்டு வருசம் ஓடின சாமான். இன்னும் ரெண்டு மாசத்துல அது மௌத்தாப் போயிரும்."

அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. அந்த டிஸ்க்கை நான் பரிசோதிக்கவே இல்லை. பழையது என்றால் போய்விடும், புதியது என்றால் நிற்கும் என்று ஒரு நினைப்பு. அவர் ஒரு கணம் யோசித்தார். "சரி, அப்ப நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து மருதமுனையில் கைத்தறிச் சாரன், அதாவது லுங்கி, விற்கும் ஒரு கடைக்குக் கமரா பூட்டப் போனேன். பதிவு செய்யும் பெட்டிக்கு ஒரு டிஸ்க் தேவைப்பட்டது. மேசை லாச்சியில் கிடந்த டீச்சரின் டிஸ்க் நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்ததை அழித்து, அந்தப் பெட்டியில் பூட்டிவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

பதினாலு மாதம் கழிந்தது. ஒருநாள் காலையில் நான் கடைக் கதவைத் தூக்கும்போது டீச்சர் தெருவோரம் நின்றுகொண்டிருந்தார். லெப்டொப்பைத் தலையணை உறை ஒன்றுக்குள் வைத்திருந்தார்.

"நேத்து அஸருக்கு முந்தி நல்லா வேல செஞ்சிது. மஃரிபுக்குப் பொறகு எடுத்தா எழும்புதில்ல."

கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் இருந்தது. டிஸ்க் எதுவும் இல்லை என்று அது சொன்னது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறொரு கணினியில் கொடுத்தேன், அங்கேயும் தெரியவில்லை. இன்னொன்றில் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை, நான் வாங்கிய பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரோடு, கொள்ளளவு பூச்சியம் என்று காட்டியது. பிறகு அதுவும் இல்லை.

இந்தத் தொழிலில் ஹார்ட் டிஸ்க்குகள் சாவதை நிறையக் கண்டிருக்கிறேன். எங்கள் கரையோரத்து உப்புக் காற்றில் அவையும் நிம்மதியாக இருப்பதில்லை. கை தவறிக் கீழே போட்டால் போய்விடும். ஆனால் வயதாகிச் சாகும்போது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். டிக் டிக் என்று சத்தம் வரும், ஒரு படம் திறக்கும், அடுத்தது திறக்காது. அந்த இடைவெளியில் முக்கியமானதை அவசரமாக இழுத்து எடுத்துவிடலாம். முற்றாக நின்றுபோனாலும், கொழும்பில் அந்தத் தட்டைக் கழற்றித் தகவலை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த எஸ்.எஸ்.டி. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்னேரம் அஸருக்கு இருந்தது, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு இல்லை. விழவில்லை, நனையவில்லை. ஏன் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்ன சாமான் டீச்சர் இதுக்குள்ள இரிக்கி?" என்று அப்போதுதான் கேட்டேன். பதினாலு மாதத்துக்கு முன்னர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். கண் தெரியாத பிள்ளைகள் இரண்டு பேர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை வீரமுனையில், ஒரு தம்பி ஆலையடிவேம்பில். தமிழில் அவர்கள் தொட்டு வாசிக்கக்கூடிய பாடப் புத்தகம் போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் போன வருடம் வரை மூன்று வருடமாக, சுபஹ் தொழுதுவிட்டுத் தெருவில் வாகனச் சத்தம் தொடங்கும் முன்னர், டீச்சர் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து வந்திருக்கிறார். வரலாறும் அரசியல் விஞ்ஞானமும். இருநூறு பதிவுகளுக்கு மேல். அந்தப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை வந்து கேட்கிற பகுதியைப் போனில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"எக்ஸேம் எப்ப?"

"இன்னும் ஏழு கிழம. ரெண்டு மாசமும் இல்ல."

"மறுகா வாசிக்க ஏலாதா டீச்சர்?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். போன வருடம், முதல் தடவை என் கடைக்கு வருவதற்கு முன்னரே, தொண்டையில் ஒரு சின்னக் கட்டி எடுத்திருக்கிறார்கள். சத்தமாக, நீண்ட நேரம் வாசிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வகுப்பில் கதைப்பதற்கே குரல் காணாதாம். நான் சுபாவம் என்று நினைத்த அந்தத் தாழ்ந்த குரல் அதுதான்.

"எடுத்திரலாம் டீச்சர்" என்றேன். எடுக்க முடியாது என்று எனக்கு அப்போதே பாதி தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

கொழும்புக்கு அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். உள்ளே எல்லாவற்றையும் நிர்வகிக்கும் சிப் செத்துவிட்டது. தகவல் மற்றச் சிப்புகளில் இருக்கலாம், ஆனால் கலைத்துப் பூட்டி வைத்தபடி இருக்கிறது, அந்தப் பூட்டின் திறப்பு செத்த சிப்போடு போய்விட்டது. "ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ட்ரை பண்ணியிருப்பம்" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்தபோதுதான் மருதமுனைக் கடையின் பெட்டி ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே போனேன். கடைக்காரரிடம் காரணம் சொல்லி, பதிலுக்கு வேறு டிஸ்க் பூட்டிக் கொடுத்து, பழையதைக் கழற்றி வந்தேன். அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட விட்டேன். கிடைத்ததெல்லாம் சாரன் கடையின் வாசல். ஆட்கள் வருகிறார்கள், சாரனை விரித்துப் பார்க்கிறார்கள், போகிறார்கள். கமரா இரவு பகலாக அதன்மேல் எழுதி எழுதி, டீச்சரின் குரலில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

எதற்கும் என்று அந்த டிஸ்க்கையே பரிசோதித்தேன். ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதத்தில் போய்விடும் என்று நான் சொன்ன டிஸ்க், பதினாலு மாதம் ஒரு நிமிடம் ஓய்வில்லாமல் சுழன்றுவிட்டு, இன்னும் ஓடத் தயாராக இருந்தது.

அன்று பின்னேரம் நிந்தவூருக்குப் போனேன். டீச்சரும் அவருடைய கணவரும் முன் விறாந்தையில் இருந்தார்கள். எதையும் மறைக்கவில்லை. எஸ்.எஸ்.டி.யில் இருந்து எடுக்க ஏலாது என்பதையும், பழைய டிஸ்க்கை நான் அழித்துக் கமராவுக்குப் பூட்டியதையும் சொன்னேன்.

டீச்சர் ஒன்று மட்டும்தான் கேட்டார்.

"அப்ப அந்தப் பழசு நல்லாத்தான் இரிக்கி?"

"ஓம் டீச்சர்."

"ம்."

அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தையும் வரலாற்றுப் புத்தகங்களையும் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"புள்ளையள்ட போன்ல கொஞ்சம் இரிக்கும் தம்பி. எல்லாம் இரிக்காது. போன் நிறைஞ்சா கேட்டு முடிச்சத அழிச்சிருவாங்க. மொதல்ல அத எடுப்பம். மிச்சத்தப் பொறகு பாப்பம்."

அடுத்த நாள் வீரமுனைக்குப் போனேன். கண் தெரியாத அந்தத் தங்கச்சியின் வாப்பாவை, அவர்களின் சொல்லில் அப்பாவை, வயலுக்குப் போகும் வழியில்தான் கண்டேன். திரும்பி என்னோடு வீட்டுக்கு வந்தார். தங்கச்சிக்கு இருபது வயதிருக்கும். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். டீச்சர் ஏற்கனவே விஷயத்தைச் சொல்லியிருந்தார். முஸ்லிம் அண்ணன் ஒருவரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று கூப்பிட்டார்.

"நாப்பத்தொண்டு இருக்கு நானா. மத்ததெல்லாம் அழிச்சிட்டன். டீச்சரிட்ட இருக்குதானே எண்டுதான் அழிச்சன்."

அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், தான் செய்தது பிழை என்பதுபோல. "நீங்க ஒரு பிழையும் செய்யல்ல தங்கச்சி" என்றேன்.

பதிவுகளுக்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை, இலக்கம் மட்டும்தான். எது எந்தப் பாடம் என்று நான் திறந்து கேட்டுக் குறிக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் தொடங்கி இரண்டு செக்கனில் அவர் சொல்லிவிடுவார். "இது இறைமை. வெளியில மழை பெய்யிது, கேளுங்க." "இது சோல்பரி அரசியலமைப்பு. நடுவில மீன்காரன்ட ஹோர்ன் வரும், டீச்சர் நிப்பாட்டிச் சிரிப்பா." அப்படியே வந்தது. அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் கேட்டேன். கட்டி எடுக்கும் முன்னர் டீச்சருக்கு நல்ல நிமிர்ந்த குரல் இருந்திருக்கிறது.

ஆலையடிவேம்புத் தம்பி கொஞ்சம் முன்யோசனைக்காரர். வரலாறு முழுவதையும் ஒரு மெமரி கார்டில் போட்டு, ஒரு சின்னத் தகரப் பேணியில் வைத்திருந்தார். அரசியல் விஞ்ஞானம்தான் இடம் காணாமல் விட்டுவிட்டாராம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது வரலாறு முழுமையாக வந்துவிட்டது. அரசியல் விஞ்ஞானத்தில் ஐம்பத்திரண்டு பதிவுகள் இல்லை. பரீட்சைக்கு ஐந்து கிழமை இருந்தது.

"நான் வாசிக்கிறன் டீச்சர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்தையும் முழுதாக வாசித்தவனில்லை. அது அவருக்குத் தெரியாது, ஆனால் ஊகித்திருப்பார். வேறு ஆள் தேடலாம் என்று என் மனைவி சொன்னார். தேடி, விளக்கி, ஒழுங்கு செய்ய நாட்கள் போகும். அதைவிட, நான் செய்த பிழைக்கு இன்னொருவர் உட்கார்ந்து வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் பதிவைக் கடையில், மதியம் கதவை இறக்கிவிட்டுச் செய்தேன். இருபது நிமிடம். நன்றாகத்தான் வாசித்தேன் என்ற நினைப்போடு வீரமுனைக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் தங்கச்சியின் குரல் பதில் வந்தது.

"நானா, கோவிச்சிக்காதீங்க. நீங்க மூச்சு முட்டுற இடத்தில நிப்பாட்டுறீங்க. வசனம் முடியிற இடத்தில நிப்பாட்டினாத்தான் எனக்கு விளங்கும். அதோட ஒரு அட்டவணை இருக்கெண்டு சொல்லிட்டுப் போறீங்க. அதுக்குள்ள என்ன இருக்கெண்டு சொல்லுங்க."

மறுபடி செய்தேன். அதுவும் சரியில்லை. மூன்றாம் தரம் செய்ததை அவர் ஏற்றுக்கொண்டார், பரிதாபப்பட்டு இருக்கலாம்.

இதைக் கேள்விப்பட்ட டீச்சர் என்னைக் காலையில் நிந்தவூருக்கு வரச் சொன்னார். சுபஹ் தொழுத கையோடு நான் போவேன். டீச்சரின் கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு விறாந்தையில் இருப்பார். டீச்சர் எதிரே இருந்து, ஒரு பென்சிலால் புத்தகத்தில் கோடு போட்டபடி வருவார். நான் நிற்க வேண்டிய இடத்தில் பென்சிலைத் தூக்குவார், போக வேண்டிய இடத்தில் இறக்குவார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அவருடைய மூன்று வருட வேலையை என்னுடைய தட்டுத் தடுமாறிய குரல் மூடிக்கொண்டு போவதை அவர் அப்படி இருந்து கேட்டார். பிழையாக உச்சரித்தால் மட்டும் கண்ணைச் சுருக்குவார். நான் திரும்ப வாசிப்பேன்.

இரண்டாவது கிழமையில் ஒருநாள் அதிகாரப் பகிர்வு பற்றிய ஒரு பந்தியை வாசித்துவிட்டு, பதிவை நிறுத்தி, "இது என்ன சொல்லுது டீச்சர்?" என்று கேட்டேன். அவர் முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தோசப்பட்ட மாதிரி இருந்தது. தாழ்ந்த குரலில் விளக்கினார். விளங்கிய பிறகு வாசித்ததைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அன்று குறை சொல்லிப் பதில் வரவில்லை. அதன் பிறகு எனக்கு விளங்காத எதையும் நான் பதிவு செய்யவில்லை. இதனால் வேகம் குறைந்தது. காலையில் ஒன்று, முடிந்த நாட்களில் மதியம் கடையில் ஒன்று, வெள்ளிக்கிழமைகளில் மேலதிகமாக ஒன்று. ஐம்பத்திரண்டில் நாற்பத்தேழு முடிந்தபோது பரீட்சை வந்துவிட்டது. விட வேண்டிய ஐந்தை டீச்சரே தெரிவு செய்தார்.

பரீட்சை முடிவு வந்த நாளில் வீரமுனைத் தங்கச்சி போன் எடுத்துச் சொன்னார். நல்ல பெறுபேறு. இப்போது அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். ஆலையடிவேம்புத் தம்பி தானாக அழைக்கவில்லை, நான்தான் அழைத்தேன். வரலாறும் தமிழும் நன்றாக வந்திருந்தன. அரசியல் விஞ்ஞானத்தில் ஆகக் குறைந்த பாஸ், சாதாரண சித்தி மட்டும்தான்.

"சும்மா சொல்றன் எண்டு நினைக்காதீங்க நானா. நீங்க வாசிச்ச பாடத்திலதான் குறைஞ்சிட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். "இந்த வருசம் மறுகா எடுக்கப் போறன்."

டீச்சரின் குரலில் கேட்டிருந்தால் அவருக்கு வேறு பெறுபேறு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்காது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் இரண்டாம் முறை எடுப்பதற்கு முன்னர், முதலில் செய்த பதினைந்து பதிவுகளைப் புதிதாக வாசித்துக் கொடுத்தேன். விடுபட்ட ஐந்தையும் சேர்த்தேன். இரண்டாம் முறை அவருக்கு அந்தப் பாடத்தில் கொஞ்சம் கூடியது.

நான் இன்றும் கடைக்கு வருகிறவர்களுக்கு எஸ்.எஸ்.டி. போட்டுத்தான் கொடுக்கிறேன். என்னுடைய கணினியிலும் அதுதான். அதன் வேகம் உண்மை, ஒன்று போட்டுப் பழகியவர் பழையதுக்குத் திரும்பமாட்டார். பல வருடமாகப் பிழையில்லாமல் ஓடுகிறவை நிறைய இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கிலும் பதினைந்து நாளில் போனதைக் கண்டிருக்கிறேன். எது நிற்கும், எது போகும் என்று வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் "ஒண்டும் ஆகாது" என்ற சொல்லை நான் கடையில் சொல்வதில்லை. கழற்றிய டிஸ்க்கை வந்தவரின் கையில் கொடுத்து, முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

டீச்சரின் பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று அவருடைய லெப்டொப்பில், ஒன்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அவருடைய அலுமாரிக்குள், மூன்றாவது வீரமுனையில். புதிதாக இன்னொரு பிள்ளை படிக்கத் தொடங்கியிருக்கிறது, நிந்தவூரிலேயே. அந்தப் பிள்ளைக்காகப் புவியியல் வாசிக்கிறேன், கிழமைக்கு இரண்டு. படங்கள் அதிகம், விளக்கிச் சொல்வது கஷ்டம்.

இருபது வருடத்துக்கு அருகில் இந்தத் தொழிலைச் செய்கிறேன். எத்தனையோ டிஸ்க்குகளைத் திறந்து, கொப்பி பண்ணி, மூடியிருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது யாரோ ஒருவரின் விடியற்காலைகளால் நிறைந்திருக்கும் என்று நினைத்ததில்லை. அந்த ஐந்து கிழமைக்குப் பிறகு, ஒரு மெஷினை என்னிடம் நீட்டும் ஆளின் முகத்தை முதலில் பார்க்காமல் என்னால் அதைத் திறக்க முடிவதில்லை.